சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அறை கொடுக்கிறீர்களா?

திருகோணமலைக்குத் திரும்பி வந்து விடுதி நடத்துவதற்கு முன், சுவிஸ் மலைக் கிராமம் ஒன்றில் ஒன்பது குளிர்காலம் பனிச்சறுக்கு விடுதிகளில் வேலை செய்தேன் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் நான்கு, பிள்ளைகளைப் பற்றியவை. அவற்றுக்கு இந்த முறை பதில்.

அக்கா, சுவிஸில் வாலிஸ் பக்கம் பனிச்சறுக்குக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு வீடுகளைப் பராமரிக்கும் வேலையை என் தங்கச்சி எடுத்திருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஒருமுறை வந்தால் மறுமுறை வருவதில்லையாம். வீடு புதிது, வடிவானது, டிவி கூடப் பெரியது. என்ன குறை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. (வாசகி, உப்புவெளி)

டிவியை விடுங்கள். நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான். அந்த வீட்டுக்குள் ஒரு தாயோ தகப்பனோ பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க முடிகிறதா, அல்லது படி, அடுப்பு, பால்கனி என்று பிள்ளைக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதா? ஓடத்தான் வேண்டுமென்றால், வீடு எவ்வளவு வடிவாக இருந்தாலும் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு விடுமுறையே கிடைக்கவில்லை. தங்கச்சியை ஒருநாள் முழங்காலில் நின்று வீடு முழுக்கச் சுற்றிவரச் சொல்லுங்கள், ஒன்றரை வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எதெல்லாம் தெரிகிறது, கைக்கு எதெல்லாம் எட்டுகிறது என்று அப்போதுதான் புரியும். விறகு அடுப்பு இருந்தால் அதைச் சுற்றிச் சுவரோடு பூட்டிய கம்பித் தடுப்பு வேண்டும், படிக்கட்டின் மேலும் கீழும் கதவு வேண்டும், குசினியில் கத்தி இருக்கும் லாச்சிக்குக் கொக்கி வேண்டும்.

பால்கனியைப் பற்றி எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு பெப்ரவரி மாதம், இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியதை யாரும் வழிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அறையைத் துப்புரவு செய்யப் போன நான், மூன்று வயதுப் பையன் ஒருவன் இறுகிப்போன பனிக்குவியல் மேல் நிற்பதைப் பார்த்தேன், கம்பி அவன் இடுப்பளவுதான் இருந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்தக் காட்சி இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை. பனி விழுந்தால் நிலம் உயரும், கம்பி தானாகவே கட்டையாகிவிடும். ஆகவே பால்கனிப் பனியைத் தினமும் வழிக்க வேண்டும், கதவுக்குப் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் பூட்டு வேண்டும், கதிரை எதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது. கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுவதும் உண்டு, அதனால் கூரை ஓரத்துக்குக் கீழே பிள்ளைகளை விளையாட விட வேண்டாம் என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது வாசல். அந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் ஆட்கள் மாறுவார்கள். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வாந்தி எடுத்த பிள்ளை, பசியோடு இன்னொன்று, கார் நிறையச் சாமான், வெளியே இருட்டு. இப்படி வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். வாசலில் உட்கார்ந்து சப்பாத்து கழற்ற ஒரு பெஞ்ச், பிள்ளையின் தோள் உயரத்தில் நாலைந்து கொளுக்கி, உருகும் பனித் தண்ணீர் ஓடாமல் சப்பாத்துகளை வைக்கப் பெரிய தட்டு, இவை போதும். ஃபிரிட்ஜில் பாலும் முட்டையும், மேசையில் பாணும் ஒரு பக்கெட் பாஸ்தாவும் இருந்தால் அந்த இரவு யாரும் கடை தேடி அலைய வேண்டியதில்லை. இந்தச் செலவை மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் காயவைக்கும் வசதி. பனியில் நாள் முழுக்க உருண்ட பிள்ளையின் கையுறை, மேஸ், சப்பாத்தின் உள்ளுறை எல்லாம் தொப்பலாக நனைந்திருக்கும், இரவுக்குள் காயாவிட்டால் அடுத்த நாள் காலை அந்த ஈரத்துக்குள் கால் வைக்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது, அழுகையிலேயே பாதி நாள் போய்விடும். சப்பாத்து உலர்த்தும் கருவி வாங்கலாம், வாங்கும் வரைக்கும் உள்ளுறையைக் கழற்றிப் பழைய பேப்பரை அடைத்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டிருக்கலாம். பிளாஸ்டிக் சப்பாத்தை ஹீட்டருக்கு மேல் வைத்துவிட வேண்டாம், உருக்குலைந்துவிடும்.

பனிச்சறுக்குப் பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ‘ஐந்து நிமிட நடை’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சப்பாத்துக் கணுக்கால் மடங்காதது. அதைப் போட்டுக்கொண்டு நாலு வயதுப் பிள்ளை நடந்தால் ஐந்து நிமிடம் இருபது நிமிடமாகும், பாதி வழியில் தகப்பன் பிள்ளையையும் அதன் ஸ்கீயையும் தன்னுடைய ஸ்கீயையும் சேர்த்துச் சுமக்க வேண்டி வரும். வாசலில் ஒரு சறுக்கு வண்டி நிறுத்தி வையுங்கள், பிள்ளையையும் சாமானையும் ஏற்றி இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் மூன்று நான்கு வயதிலிருந்துதான் சேர்க்கும் என்பதால், அதைவிடச் சின்னவர்களுக்கு ஒரு மண்வெட்டியும் வாளியும் வாசலில் இருக்கட்டும்.

தூக்கத்துக்குக் கெட்டியான மெத்தையுள்ள தொட்டில் போதும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தலையணை, தடித்த போர்வை எதுவும் வைக்கக் கூடாது. குளிர் ஊராச்சே என்று அன்பில் அறையைப் போட்டுச் சூடாக்குவதும் பிழை, 18 பாகை அளவு போதும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குளிக்க ஷவர் மட்டுமே இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வையுங்கள். உயரக் கதிரை, உடையாத கோப்பைகள் இரண்டு, கழிப்பறையில் ஏறி நிற்க ஒரு சின்னப் பலகை, எது இருக்கிறதோ அதைப் படத்தோடு விளம்பரத்திலேயே போடச் சொல்லுங்கள். இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அவர்கள் தங்கள் தொட்டிலைக் காரில் ஏற்றாமல் வருவார்கள்.

நிலாவெளியில் கடலோரமாக எங்களுக்கு இரண்டு அறைகள் உண்டு. ஜூலையில் லண்டனிலிருந்து ஒரு குடும்பம் 14 மாதக் குழந்தையோடு வருகிறது. இதுவரை பெரியவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறோம், பயமாக இருக்கிறது. (வாசகர், நிலாவெளி)

பயப்படுவது நல்லதுதான், கவனம் வரும். முதலில் கிணறு. கட்டு உயரமாக இருந்தாலும் பரவாயில்லை, மேலே கம்பி மூடி போட்டுப் பூட்டிவிடுங்கள். குழந்தை நிற்கும் இடத்தில் தண்ணீர் நிறைந்த வாளியைக்கூட வைக்காதீர்கள். கடற்கரைப் பக்கப் படலைக்குக் கொக்கியை வெளிப்பக்கம் மேலே போடுங்கள். ஜூலையில் நம் பக்கக் கடல் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் தவழ்கிற பிள்ளைக்கு முழங்கால் தண்ணீரே கடல்தான். விறாந்தைக் கம்பிகளுக்கு நடுவில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை கட்டிவிடுங்கள், தலை மாட்டிக்கொள்ளும்.

ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. கச்சான் வீசும் அந்த மாதங்களில் மத்தியானம் மேல்தாங்கியிலிருந்து வரும் பச்சைத்தண்ணிக் குழாயே சுடும். அதற்குக் கீழே குழந்தையை அப்படியே பிடித்தால் தோல் கொப்பளிக்கும் அளவுக்குக்கூடச் சூடு இருக்கலாம். காலையிலேயே ஒரு பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து மூடி, உயரத்தில் வைத்து, அதில் கலந்து குளிப்பாட்டச் சொல்லுங்கள்.

நுளம்பு வலை பகலிலும் வேண்டும். டெங்கு பரப்பும் நுளம்பு பகலில்தான் கடிக்கும், குழந்தை மத்தியானத் தூக்கம் போடும் நேரத்தில். பூச்சாடித் தட்டு, பீலி, தேங்காய்ச் சிரட்டை, எங்கெல்லாம் தண்ணீர் தேங்குகிறதோ அங்கெல்லாம் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துவிடுங்கள். கறண்ட் நின்றால் ஓடுகிற மாதிரி ஒரு சார்ஜ் ஃபேன் வாங்கி வையுங்கள், அந்த வெக்கையில் பிள்ளை விழித்துக்கொண்டால் வீடு முழுக்க விழித்துக்கொள்ளும்.

வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் போட்டால் மணற்காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார்கள். பனி ஊரில் சப்பாத்துத் தட்டு செய்யும் வேலையை இங்கே இந்தக் குழாய் செய்யும். சாப்பாட்டைப் பிள்ளைக்கு மட்டும் மாலை ஆறு மணிக்கே கொடுங்கள், இடியப்பமும் மிளகாய் போடாத சொதியும் போதும், வெளிநாட்டில் வளர்கிற எங்கள் பிள்ளைகள் அதை எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். கொதித்தாறிய தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. புறாத்தீவுக்குப் படகில் போக ஆசைப்பட்டால், குழந்தை அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிற படகுக்காரரை மட்டும் காட்டிவிடுங்கள்.

விருந்தினரின் பிள்ளை மெத்தையை நனைத்துவிட்டால் காசு கேட்கலாமா? (வாசகர், உவர்மலை)

வேண்டாம். புது இடத்தில் மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படி நடப்பது சாதாரணம், தாய் ஏற்கெனவே கூனிக் குறுகிப் போயிருப்பாள். எல்லா மெத்தைக்கும் தண்ணீர் இறங்காத உறையைப் போட்டுவிட்டு, அலுமாரியில் இன்னொரு உறையும் விரிப்பும் மடித்து வையுங்கள், நடுச்சாமத்தில் உங்களை எழுப்பாமல் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். காலையில் நனைந்த விரிப்பை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெப்ரவரியில் மகள் என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து ஒஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்குப் பார்க்கக் கூட்டிப்போகிறாள். அவர்கள் மலைக்குப் போனால் எட்டு மாதப் பேரனை நான்தான் பார்க்க வேண்டும். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று மகளிடம் என்ன சொல்லட்டும்? (அம்மம்மா ஒருவர், திருகோணமலை நகரம்)

அம்மா, நீங்கள் கேட்காவிட்டால் மகள் சறுக்குப் பாதை பக்கமா என்று மட்டும்தான் பார்ப்பாள். நாள் முழுக்க வீட்டில் இருக்கப் போவது நீங்கள். ஆகவே வெயில் விழும் யன்னலோடு உட்காரும் அறை இருக்கிறதா, உங்கள் படுக்கை அறை கீழ்த்தட்டில் இருக்கிறதா, அல்லது லிஃப்ட் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். சோபாவை இழுத்துப் படுக்கையாக்கித் தருவதை ஒத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளை தூங்கும் நேரத்தில் நீங்களும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். வீட்டிலிருந்து பனி வழித்த நடைபாதை தொடங்கினால் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே ஒரு சுற்றுப் போய்வரலாம், அதையும் கேளுங்கள். உங்களுக்கு வழுக்காத அடியுள்ள சப்பாத்தை முதலில் வாங்கித் தரச் சொல்லுங்கள், சேலையோடு பனியில் நடப்பது கஷ்டம், உள்ளே தடித்த காற்சட்டை போட வெட்கப்படாதீர்கள்.

வெளியே போகும்போது வெயில் மங்கலாக இருந்தாலும் பேரனுக்குத் தொப்பியும் கண்ணாடியும் வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அனுப்பும், கீழேயிருந்தும் முகத்தில் படும். அசையாமல் வண்டிக்குள் படுத்திருக்கும் குழந்தைக்கு, ஓடித்திரிகிற பிள்ளையைவிடச் சீக்கிரம் குளிரும், கையை அல்ல, பிடரியைத் தொட்டுப் பாருங்கள், அது இளஞ்சூடாக இருந்தால் சரி. கேபிள் வண்டியில் ஏறினால் போகும்போதும் இறங்கும்போதும் பால் குடிக்கக் கொடுங்கள், காது அடைப்பு விடும்.

சமையல் உங்கள் தலையில்தான் விழும் என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஜெர்மனியிலிருந்தே காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1,500 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும், சாதாரணச் சட்டியில் வைத்தால் பருப்பு அவிவதற்குள் பேரன் தூங்கி எழும்பிவிடுவான்.