மழைக்கு முன் போடவேண்டிய ஊசி: ஃப்ளு தடுப்பூசி குறித்துக் கேள்வி பதில்

ஆடி பிறந்துவிட்டால் "ஃப்ளு ஊசி போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?" என்று கேட்காத குடும்பம் குறைவு. இன்ஃப்ளூயன்சா வைரஸால் வரும் காய்ச்சலைத்தான் சுருக்கமாக ஃப்ளு என்கிறோம். சென்னையில் பொதுநல மருத்துவராக இருக்கும் நான், கேள்விகளை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எனக்கு 34 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தாலும் மூன்று நாளில் எழுந்துவிடுவேன். எனக்கு எதற்கு ஊசி? (தாம்பரம்)

உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் தம்பி? இதை நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். நீங்கள் தனியாகவோ, உங்களைப் போன்ற திடகாத்திரமானவர்களுடனோ இருந்தால், போட்டுக்கொண்டால் நல்லது, போடாவிட்டால் பெரிய ஆபத்தில்லை என்பதுதான் என் நேர்மையான பதில். ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, 65 வயதைத் தாண்டியவரோ, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவரோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால் கணக்கே வேறு. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நீங்கள் வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடுவீர்கள். உங்களை மூன்று நாள் படுக்கவைக்கும் அதே வைரஸ் உங்கள் அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்க்கக்கூடும். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

டெல்லியில் இருக்கும் அண்ணன் மே மாதமே போடச் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகள் அக்டோபர் என்கிறாள். யார் சொல்வது சரி? (காஞ்சிபுரம்)

இருவரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நமக்கு இரண்டுமே பொருந்தாது.

இந்த நோய்க்கு ஊருக்கு ஊர் பருவம் மாறும். அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் அது குளிர்காலத்தில் உச்சத்துக்குப் போகும். அதனால் அங்கே செப்டம்பர், அக்டோபரில் ஊசி. டெல்லி, லக்னோ, நாக்பூர், கொல்கத்தா போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறும். ஆகவே அங்கே மே மாதம். ஸ்ரீநகரில் அது ஜனவரி முதல் மார்ச் வரை. இந்தியாவின் பல நகரங்களில் சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது, சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில்தான் ஃப்ளு உச்சத்தைத் தொட்டது. நம் வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. தீபாவளிக்குத் துணி எடுக்கத் தியாகராய நகரில் கூட்டம் நெரிவதும், மழைக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு பேருந்தில் போவதும், பள்ளிகள் நடப்பதும் அதே மாதங்களில்தான்.

ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பிறகு அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். மே மாதம் போட்டால் நவம்பர் வரும்போது பலம் கொஞ்சம் இறங்கியிருக்கும். நவம்பரில் காய்ச்சல் பரவத் தொடங்கியபின் ஓடிவந்தால், பலன் கிடைப்பதற்குள் நோய் முந்திக்கொள்ளலாம். எனவே என்னிடம் வருபவர்களுக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் என்று சொல்கிறேன். அதைத் தவறவிட்டவர்களும் விட்டுவிட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலும் நம் நாட்டில் ஃப்ளு தலைதூக்குவது உண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளு வகை பரவி, தமிழகம் முழுவதும் காய்ச்சல் முகாம்கள் நடத்தும்படி ஆனது நினைவிருக்கலாம்.

ஊசி போடும் முன் அட்டைப்பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்தப் பருவத்துக்கானது என்ற ஆண்டும், காலாவதித் தேதியும் அதில் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்தில் கிடைப்பவற்றில் மிகப் புதியதைக் கேளுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும், உறைந்துபோனால் பயனில்லை. மருந்துக் கடையில் வாங்கி, பைக்குள் போட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கொண்டுவருவதைவிட, ஊசி போடும் இடத்தின் குளிர்பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

அம்மைக்கும் போலியோவுக்கும் சிறுவயதில் போட்டால் போதும். இதை மட்டும் ஏன் ஆண்டுதோறும்? சென்ற ஆண்டு நான்கு வகைக்கான ஊசி போட்டார்கள், இப்போது மூன்று வகைக்கானது என்கிறார்களே, தரம் குறைந்துவிட்டதா? (சேலம்)

ஃப்ளு வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். சென்ற ஆண்டு உருவான எதிர்ப்பாற்றல் இந்த ஆண்டு வரும் வைரஸை முழுதாக அடையாளம் காணாமல் போகலாம். ஆகவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் எந்த வைரஸ்களைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

தரம் குறையவில்லை. ஃப்ளு வைரஸின் பி வகையில் யமகட்டா என்றொரு கிளை இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. இல்லாத வைரஸுக்கு மருந்து எதற்கு என்று அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள். எச்1என்1, எச்3என்2, பி விக்டோரியா ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

போட்டுக்கொண்டாலும் காய்ச்சல் வருகிறதே, பிறகு என்ன பயன்? (மதுரை)

வரும். மறைக்க ஒன்றுமில்லை. ஊசியும் பரவும் வைரஸும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளு வருவதை அது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பொருத்தம் சரியில்லாத ஆண்டில் அதைவிடக் குறைவு. வயதானவர்களிடம், குறிப்பாக எச்3என்2க்கு எதிராக, இன்னும் குறைவு. ஆனால் ஊசி போட்டவருக்கு நோய் வந்தாலும் மருத்துவமனையில் சேர்க்கும் நிலையும் உயிரிழப்பும் குறைகின்றன. நான் ஊசியைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான். ஜலதோஷத்தைத் தரும் மற்ற நூற்றுக்கணக்கான வைரஸ்களுக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பில்லை. மூக்கொழுகினால் ஊசி தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மாமனாருக்கு 71 வயது. பல வருடம் பீடி பிடித்தவர், இப்போது இளைப்புக்கு இன்ஹேலர் எடுக்கிறார். இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். "இந்த வயதில் எனக்கு எதற்கு ஊசி" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது? (திருவள்ளூர்)

அம்மா, இன்றைக்கு வந்த கேள்விகளில் யாருக்காவது ஊசி அவசியம் என்றால் முதல் ஆள் உங்கள் மாமனார்தான்.

இத்தகையவர்களை நவம்பர் இரவுகளில் அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். கட்டிலில் சாய முடியாமல் இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றி உட்கார்ந்திருப்பார். "நேத்து... சாயங்காலம்... வரைக்கும்..." என்று மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குவார். கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடும், உதட்டில் நீலம் பாய்ந்திருக்கும். விசாரித்தால் பேரனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்பார்கள். ஏற்கெனவே பழுதான நுரையீரலில் ஃப்ளு புகுந்து, அதன்மேல் பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்துகொண்டால் மீட்பது மிகவும் கடினம்.

இதயத்துக்கும் இதில் பங்குண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, ஃப்ளு உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று காட்டியது. ஸ்வீடன் தலைமையில் எட்டு நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு ஃப்ளு ஊசியும் மீதிப்பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.9 சதவீதம், இரண்டாவதில் 4.9 சதவீதம். மாத்திரையையும் இன்ஹேலரையும் தவறாமல் எடுப்பவர் இதை மட்டும் விடுவதில் நியாயமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லிப் பாருங்கள்: ஊசி போட்டுக்கொண்டால் பேரன் சளியோடு இருக்கும்போதும் கொஞ்சம் பயமில்லாமல் பக்கத்தில் உட்காரலாம். மருத்துவக் காரணங்களை ஏற்காத பெரியவர்கள் பலர் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மெல்லிய ஊசியால் போடச் சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். நிமோனியா தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் அதையும் அதே நாளில் மற்றக் கையில் போட்டுவிடலாம்.

போட்ட மறுநாளே எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊசிதான் ஃப்ளுவைக் கொடுத்தது. இன்னொரு விஷயம், கை கால் செயலிழந்துபோகும் என்றும் படித்தேன். (நாகர்கோவில்)

கையில் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் ஃப்ளு வராது. கைவலி, உடல்வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கும். பாராசிட்டமால் போதும்.

கை கால் செயலிழப்பு பற்றிய பயத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. குய்லின் பாரே என்ற நரம்பு நோய் அது. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்காகப் போட்ட ஊசியில், லட்சம் பேருக்கு ஒருவர் வீதம் அது கூடுதலாக வந்தது. அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். இன்றைய ஊசிகளில் அப்படி ஏதும் கூடுதல் ஆபத்து இருந்தால், அது பத்து லட்சம் பேருக்கு ஒன்றிரண்டு என்ற அளவுதான். ஃப்ளு நோயாலேயே குய்லின் பாரே வரும், அதுவும் இதைவிட அதிகமாக. முன்பு ஃப்ளு ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் உங்களுக்கு அது வந்திருந்தால் மட்டும் மறுபடி போடும் முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். முந்தைய ஊசிக்கு மூச்சுத்திணறலோடு கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போடக்கூடாது.

முட்டை ஒத்துக்கொள்ளாது. போடலாமா? (ஈரோடு)

போடலாம். பெரும்பாலான ஃப்ளு ஊசிகள் கோழி முட்டையில் வளர்த்த வைரஸிலிருந்துதான் தயாராகின்றன. ஆனாலும் அதில் மிஞ்சும் முட்டைப் புரதம் மிக மிகச் சொற்பம். போட்டபின் எல்லோரையும்போல் கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். போடச் சொல்கிறார்கள். மாமியார் "மாசமா இருக்கும்போது எந்த மருந்தும் வேண்டாம்" என்கிறார். (விழுப்புரம்)

உங்கள் மாமியாரின் அக்கறை புரிகிறது. டெட்டனஸ் ஊசியைக் கர்ப்பத்தில்தானே போடுகிறோம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் ஃப்ளு ஊசி போடலாம். 2009 பெருந்தொற்றில் எச்1என்1 கர்ப்பிணிகளைக் கடுமையாக வாட்டியது. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது. அந்த ஆறு மாதமும் குழந்தைக்கு இருப்பது பெரும்பாலும் உங்கள் ரத்தத்திலிருந்து போகும் எதிர்ப்பாற்றல்தான். மத்திய சுகாதார அமைச்சகமும் கர்ப்பிணிகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. மூக்கில் தெளிக்கும் உயிருள்ள மருந்து மட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கையில் போடும் ஊசியையே கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இரண்டு வயது மகனின் அட்டையில் "இன்ஃப்ளூயன்சே" என்று ஏற்கெனவே போட்டிருக்கிறது. மறுபடியும் எதற்கு? (வேளச்சேரி)

அது ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் சேர்ந்த ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே) என்ற பாக்டீரியாவுக்கானது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஃப்ளு வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளு ஊசி இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. முதன்முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. அதனால் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

நிலவேம்புக் கஷாயம் குடித்தால் போதாதா? (தஞ்சாவூர்)

கஷாயம் குடிப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அது ஃப்ளு வராமல் தடுக்கும் என்று நம்பி ஊசியை விட்டுவிடாதீர்கள்; அதற்கு ஆதாரம் இல்லை. இதோடு இன்னொன்று: அக்டோபர், நவம்பர் நமக்கு டெங்கு காலமும்கூட. ஃப்ளு ஊசி டெங்குவைத் தடுக்காது. எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுப்ரோபென், ஆஸ்பிரின் வேண்டாம்.

வீட்டில் ஆறு பேர். தனியாரில் ஒரு ஊசிக்கே ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. எங்களால் இரண்டு பேருக்குத்தான் முடியும். யாருக்குப் போடுவது? அம்மா (68, சர்க்கரை), அப்பா (72, ஆரோக்கியமானவர்), நாங்கள் இருவர், மகள் (9), மகன் (ஒன்றரை). (ஆவடி)

இப்படி ஒரு கணக்குப் போடவேண்டிய நிலை வருவதே எனக்கு வருத்தம். முதியோருக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் அரசு இதை இலவசமாகத் தரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் நிலையில் முதல் ஊசி அம்மாவுக்கு. இரண்டாவது அப்பாவுக்கா, மகனுக்கா என்பதுதான் கடினம். மகனுக்கு முதல் ஆண்டில் இரண்டு டோஸ் வேண்டும், செலவும் இரட்டிப்பு. ஆகவே இந்த ஆண்டு அப்பாவுக்குப் போடச் சொல்வேன். மகன் குறைமாதத்தில் பிறந்தவனாகவோ, அடிக்கடி வீசிங் வந்து நெபுலைசர் வைப்பவனாகவோ இருந்தால் மட்டும் வரிசை மாறும். அப்போது குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். பள்ளிக்குப் போகும் மகளுக்குக் காய்ச்சல் வந்தால், ஐந்து நாளாவது தாத்தா பாட்டியிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் தள்ளிப் படுக்கவையுங்கள்.

ஹஜ் பயணம் போகிறோம். தேவையா? (வாணியம்பாடி)

தேவை. மெனிஞ்ஜைட்டிஸ் (மூளை உறை அழற்சி) ஊசி கட்டாயம், ஃப்ளு ஊசி பரிந்துரை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் சளியும் இருமலும் வேகமாகப் பரவும். புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்துவிட்டால் எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்? (கடலூர்)

முதியவர், கர்ப்பிணி, சிறு குழந்தை, நாள்பட்ட நோயாளி என்றால் முதல் நாளே. ஃப்ளு வைரஸுக்கு எதிரான ஓசல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்துப் பார்க்கலாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ அப்போதே கிளம்புங்கள். காய்ச்சல் விட்டு ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி இருமலோடு ஏறினால், அது நிமோனியாவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.