உதட்டில் மறுபடியும் அதே இடத்தில் கொப்புளம்: பல்லி எச்சமா, மாத்திரையா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஈரோட்டில் இருக்கிறேன். போன மாதம் வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்று இரவே கீழுதட்டின் ஓரத்தில் எரிச்சல், காலையில் கொப்புளம். இப்போது அந்த இடம் கருத்துக் கிடக்கிறது. போன வருடமும் மாத்திரை போட்டபோது அச்சு அசலாக அதே இடத்தில் வந்தது. அம்மா பல்லி எச்சம் என்கிறார், கடைக்காரர் உடம்புச் சூடு என்கிறார். இனி மாத்திரையே போடக் கூடாதா?

தோல் மருத்துவரின் பதில்: பல்லியை விட்டுவிடுங்கள், பாவம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மாத்திரை மேல்தான் சந்தேகம் விழுகிறது. மருந்து ஒவ்வாமையில் ஒரு வகை இப்படித்தான். முதல் முறை பாதித்த இடத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் சில அப்படியே தங்கிவிடும். அதே மருந்து மறுபடி உள்ளே போனால் சில மணி நேரத்துக்குள் அங்கேயே வேலையைக் காட்டும். உதடு, கை கால், பிறப்புறுப்பு ஆகியவற்றில் அதிகம் வரும். பிறப்புறுப்பில் வந்தவர்கள் பால்வினை நோயோ என்று பயந்து வெளியே சொல்லாமல் மருகுவதுண்டு.

ஹெர்பிஸ் வைரஸ் கொப்புளமும் உதட்டில் அதே இடத்தில் திரும்ப வரும். ஆனால் அது பொடிப்பொடியாகக் கொத்தாக வரும், பெரும்பாலும் இப்படிக் கருப்புத் தடம் விடாது. மாத்திரை, கொப்புளம், மாதக்கணக்கில் நிற்கும் கருமை மூன்றும் சேர்ந்தால் மருந்தைத்தான் முதலில் சந்தேகிப்போம்.

எந்த மருந்து? வயிற்றுப்போக்கு என்று கடையில் கேட்டால் பல சமயம் கைக்கு வருவது ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. இரண்டுமே இந்த ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. நீங்கள் போட்டது அதுதானா என்று முதலில் தெரிய வேண்டும். சிக்கலே அங்கேதான். பத்து மாத்திரை அட்டையில் இரண்டை மட்டும் கத்தரித்து, ஒரு காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். மருந்தின் பெயர் கடையிலேயே நின்றுவிடும். கவரில் பேனாவால் கிறுக்கிய ‘கா – மா’ மட்டும் உங்களோடு வீட்டுக்கு வரும். கடைக்காரரிடம் போய் அந்த அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அதில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதன் அருகே மருந்தின் உண்மையான பெயரும் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் அடுத்த முறை அதே மருந்து வேறு பெயரில் வந்து சேரும்.

அது அந்தக் கூட்டு மாத்திரைதான் என்றால், குற்றவாளி எது என்று தெரியும்வரை இரண்டும் வேண்டாம். அவற்றின் பங்காளிகளான மெட்ரோனிடசோல், டினிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசினையும் தவிருங்கள். மற்றபடி பயந்து எல்லா மாத்திரையையும் ஒதுக்க வேண்டியதில்லை. பிரஷர், சுகர் மாத்திரை போடுபவராக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது.

‘ஒன்று போட்டுத்தான் பார்ப்போமே’ என்று வீட்டில் சோதனை செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதுப்புது இடங்களில் கிளம்பலாம், சிலருக்கு உடம்பெங்கும் கொப்புளமாகிவிடும். பழைய தழும்பின் மேலேயே மருந்தை வைத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. அதைத் தோல் மருத்துவர் செய்யட்டும்.

சரி, எப்போது அவசரம்? மாத்திரை போட்ட சற்று நேரத்தில் முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி விழுந்தால் உடனே 108. காய்ச்சலோடு கண் சிவந்து, வாயெல்லாம் புண்ணாகி, தோல் வலியெடுத்து உரிய ஆரம்பித்தாலும் அன்றே பெரிய மருத்துவமனை. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் போன்றவை ஆரம்பித்துச் சில வாரம் கழித்தும் இப்படிக் காட்டும். நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் யோசித்தால் போதாது. கடந்த இரண்டு மாதப் பட்டியலை, நாட்டு மருந்தையும் சேர்த்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த மாதிரி விளைவுகளை நோயாளிகளே புகாராகப் பதிவு செய்யலாம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் இதற்கென மையம் இருக்கிறது. சின்னப் புண்தானே என்று நம் ஊரில் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், அடுத்த முறை வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் ஓஆர்எஸ் கரைசல். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையே படாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி என்றால் மெடிக்கலுக்குப் போகாமல் மருத்துவரிடம் போய், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை முதலிலேயே சொல்லுங்கள்.

உதட்டுக் கருமை மெல்ல மங்கும், சில மாதம் ஆகலாம். அதுவரை, சிவப்பழகுக்கு என்று கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் எதையும் அதில் தடவாதீர்கள்.