பதில்: கடற்கரை கேம்பெய்ன்ல குட்பெர்ரி எல்லாத்தையும் காலி பண்ணுது

ப்ரோ, உங்க டி&டி (டன்ஜன்ஸ் & டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) கேம்ல ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) தினமும் குட்பெர்ரி ஸ்பெல் (மந்திரம்) போட்டு, ஒண்ணு தின்னாலே ஒரு நாள் பசி தாங்குற பத்து பழம் எடுத்துடுறான், மத்தவங்க சாப்பாடு தேடி சர்வைவல் ரோல் (பகடை உருட்டுறது) போடுறதே இல்ல, ஸ்பெல்ல தூக்கிடவானு கேட்டிருக்கீங்க. தூக்காதீங்க, பாவம். பழம் பசிக்குத்தான், தாகத்துக்கு இல்ல, நீங்க தண்ணில கெடுபிடி காட்டுங்க. 2014 ரூல்ஸ்படி ஆளுக்கு நாளைக்கு 1 கேலன், வெயில் காலம்னா 2, பாதி மட்டும் குடிச்சா டிசி 15 கான் சேவ் (உடம்பு தாங்குதான்னு பகடை உருட்டி 15 எடுக்கணும்), தோத்தா ஒரு லெவல் எக்ஸாஷன் (களைப்பு). தண்ணி வரவைக்கிற க்ரியேட் வாட்டர் ஸ்பெல்ல போடுவானே அப்படின்னா போடட்டும், லெவல் 1 ட்ரூயிட்டுக்கு நாளைக்கு இருக்கதே ரெண்டு ஸ்லாட்டு (ஒரு ஸ்பெல்லுக்கு ஒண்ணு செலவாகும்), பழத்துக்கு ஒண்ணு தண்ணிக்கு ஒண்ணு போயிட்டா சண்டைக்கு என்ன மிச்சம்?

நான் ராம்நாடு பக்கம், எங்க கரையவே மேப்பா எடுத்துக்கோங்க. தனுஷ்கோடில கடலுக்கு கூப்பிடு தூரத்துல மணல கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும், மழைத்தண்ணி லேசு, உப்புத்தண்ணி மேல மிதந்து நிக்கும், ஆசைப்பட்டு ஆழமா தோண்டுனா உப்பு ஏறிடும். இத அப்படியே டிசி 15 ரோலா வைங்க, அந்த 15ஐ விட 5க்கு மேல கம்மியா விழுந்தா ஊத்து கரிச்சுப்போச்சு, வேற இடம் தேடணும். ரொம்ப நல்லா வரும் இது.

சாப்பாட்டுக்கும் சீசன் வைங்க, சித்திரை வைகாசில நுங்கு, தையில பனங்கிழங்கு, பாறைப்பக்கம் கஞ்சிப்பாசி (கஞ்சி காய்ச்சுற கடல்பாசி). வலைல பேத்தை மீன் வந்தா நேச்சர் (இயற்கை அறிவு) ரோல் கேளுங்க, தெரியாம தின்னா விஷம். மரம் ஏற அத்லெடிக்ஸ், அப்ப ஃபைட்டருக்கும் வேலை வந்துரும்.

பார்ட்டில அவுட்லேண்டர் (ஊருக்கு வெளிய காட்டுல வளர்ந்த பின்னணி உள்ள கேரக்டர்) யாராச்சும் இருக்காங்களா? இருந்தா சொல்லுங்க, அந்த ஃபீச்சர் தன்னோட சேத்து ஆறு பேருக்கு சாப்பாடு தண்ணி ரெண்டும் தேடித் தந்துரும், அதுக்கு வேற மாதிரி யோசிக்கணும்.