ஓதம் பார்த்துப் படகேறுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திர எல்லைப்புற ஊர்களிலிருந்து, கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளில் நடக்கும் படகுப் பயணங்கள் குறித்து அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. விடுமுறைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களும் உண்டு. தங்கள் வீட்டு வாசலிலேயே படகுகள் வந்து நிற்பதைக் கண்டு கவலைப்படுபவர்களும் உண்டு. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊருக்குப் பூநாரை பார்க்க வெளியூரார் வருகிறார்கள். நாங்கள் காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள கோரிங்கா சரணாலயத்துக்குக் குடும்பத்துடன் செல்ல நினைக்கிறோம். எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போனால் விலங்குகளைக் கட்டாயம் பார்க்கலாம்?
— ஒரு வாசகி, சூளூர்ப்பேட்டை

கட்டாயம் பார்க்கலாம் என்று யாராவது உறுதி கூறினால், அவருடைய படகில் ஏறாதீர்கள். அலையாத்திக் காட்டில் எது கண்ணில் படும் என்பதைப் பெரும்பாலும் தண்ணீரே தீர்மானிக்கிறது. கடல்நீர் ஏறி இறங்குவதே ஓதம்; நாள்தோறும் இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் வருகின்றன. ஒவ்வொரு நாளும் அவை முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடங்கள் பின்தள்ளிப் போகின்றன. ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது படகு குறுகிய ஓடைக்குள்ளும் எளிதாக நுழையும். ஆனால் சேற்றுத் திட்டுகள் அனைத்தும் மூழ்கிவிடுவதால், இரை தேடும் பறவைகளும் நண்டுகளும் கண்ணுக்குத் தென்படமாட்டா. வற்றம் முழுமையடைந்த வேளையிலோ பார்ப்பதற்கு எல்லாம் இருக்கும், படகுதான் தரைதட்டும். வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரமே மிகச் சிறந்தது என்பது என் துணிபு. தண்ணீர் மெல்ல ஏற ஏற, கரையோரம் மேய்ந்துகொண்டிருக்கும் குதிரைமலைக் கோட்டான், பவளக்காலி ஆகிய நீர்ப்பறவைகள் அடியடியாகப் பின்வாங்கிப் படகுக்கு அருகிலேயே வந்து நிற்கும்.

ஆகையால், நீங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் பற்றியதாக இருக்க வேண்டாம். "நாளைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். வீட்டு நாட்காட்டியும் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், சேறு நன்றாக வெளிப்படும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அவ்வளவாக நகராது.

மாதம் என்று கேட்டால், நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை என்பேன். கோதாவரியின் வெள்ளக் கலங்கல் அடங்கியிருக்கும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்தால், பயணச்சீட்டு வீணானாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 1839-இல் கோரிங்காத் துறைமுகத்தையே புயல் அழித்த கரை அது. 1996 நவம்பரிலும் கடும் புயல் அந்தக் கோதாவரிக் கழிமுகத்தைத் தாக்கியது.

சரணாலயம் 1978-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 235 சதுர கிலோமீட்டர். கூடூர், நெல்லூர் வழியாகச் செல்லும் சர்க்கார் எக்ஸ்பிரஸில் மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில் காக்கிநாடாவில் இறங்கலாம். அங்கிருந்து ஏனாம் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். ஆட்டோக்காரரிடம் "மட அடவி" என்று சொன்னால் புரிந்துகொள்வார். படகுத்துறைக்குப் போகும் வழியில் மரங்களுக்கிடையே பலகை நடைபாதை அமைத்திருக்கிறார்கள்; அதில் அவசரமில்லாமல் நடந்துவிட்டுப் பிறகு படகேறுங்கள். குழந்தைகளுக்கு அந்த நடைபாதை படகைவிட அதிகம் கற்றுத்தரும்.

வழிகாட்டியுடன் கூடிய படகு, சாதாரணப் படகு என இரண்டு கட்டணங்கள் சொல்கிறார்கள். கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் உண்டா? எங்கள் வீட்டில் முதியவர்களும் இருப்பதால் பாதுகாப்பு பற்றியும் கேட்கிறேன்.
— ஒரு வாசகர், தடா

பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை உங்கள் பகுதியினர் மறந்திருக்க முடியாது. 2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் கச்சுளூரு அருகே சுற்றுலாப் படகு மூழ்கியது. எனவே, ஏறும் ஒவ்வொருவரும் உயிர்காப்பு உடையை அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டிய பிறகே படகு துறையைவிட்டு நகர வேண்டும். இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் உடை யாரையும் காப்பாற்றாது. படகில் எழுதியுள்ள எண்ணிக்கையைவிட ஒருவர் கூடுதலாக ஏறினாலும் நீங்கள் இறங்கிவிடுங்கள். ஒரு பறவையைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து நின்று படம் எடுப்பது சிறிய படகுகளில் பெரும் ஆபத்து. முதியவர்களைப் படகின் நடுவில் அமர்த்துங்கள். துறையில் ஏறி இறங்கும் படி வற்றத்தின்போது மிகவும் தாழ்ந்திருக்கும், பாசியும் பிடித்திருக்கும் என்பதால் கைப்பிடித்து இறக்கிவிட ஓர் ஆள் தேவை.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் நிச்சயம் பயனுள்ளதே, அவர் நல்ல வழிகாட்டியாக இருந்தால். நல்லவரை எப்படி அறிவது? அவர் எங்கே இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறார் என்று கவனியுங்கள். காட்டைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி ஒரு மணி நேரமும் இயந்திரம் இரைய ஓடும் படகில், வெண்கொக்குகள் பறந்தோடும் முதுகைத்தான் பார்க்க முடியும். தேர்ந்த வழிகாட்டி ஓடை வளைவுக்கு முன்பே படகை மெதுவாக்கி, இயந்திரத்தை அணைத்து, தண்ணீரின் போக்கிலேயே உள்ளே விடுவார். கரையில் ஓரிடத்தைக் காட்டி, மீன் செதில்களும் நண்டு ஓடுகளும் கலந்த எச்சத்தைப் பார்க்கச் சொல்வார். அது நீர்நாய்க் கூட்டம் வழக்கமாக வந்து போகும் இடம். நீர்நாயை அன்று பாராமலே திரும்பினாலும், அது எங்கே கரையேறுகிறது, என்ன தின்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு திரும்புவீர்கள். என் மதிப்பீட்டில், பத்து விலங்குகளைத் தொலைவில் பார்ப்பதைவிட இது பெரிது.

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். உப்புநீரில் மற்ற மரங்கள் பட்டுப்போகும்போது அலையாத்தி மரங்கள் எப்படி வாழ்கின்றன? படகில் இருந்தபடி எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு மாணவி, சத்தியவேடு

அலையாத்தி மரங்களுக்குள் எல்லாமும் ஒரே உத்தியைக் கையாள்வதில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி. கோரிங்காவில் மிகுதியாக உள்ளது வெண்கண்டல். அது உப்பின் ஒரு பகுதியை வேரிலேயே தடுத்து, மீதியை இலைகளிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் இலையை உற்றுப் பார்த்தால் மாவு தூவியது போன்ற மெல்லிய உப்புப் படிவு தெரியும். விரலில் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னையோ உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது.

அடுத்தது மூச்சு. சேற்றில் விரலளவு ஆழத்துக்குக் கீழே பிராணவாயு அநேகமாக இல்லை. ஆதலால் வெண்கண்டலின் கிடைவேர்களிலிருந்து, பென்சில் பருமனில் நூற்றுக்கணக்கான வேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு மேல்நோக்கி எழுகின்றன. அவற்றின் தோலில் நுண்ணிய துளைகள் உள்ளன. வற்றத்தின்போது காற்று அவற்றின் வழியே உள்ளே போகிறது. ஏற்றத்தின்போது அவை மூழ்கிவிடுகின்றன. இதனால்தான் ஓதம் வந்துபோவது தடைப்பட்டு, தண்ணீர் நாட்கணக்கில் தேங்கி நின்றால் மரம் மூச்சுத் திணறி மடிகிறது. சுரபுன்னையின் முட்டுவேர்கள் அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்பதைப் படகிலிருந்தே தெளிவாகக் காணலாம்.

அதே மரத்தில் முருங்கைக்காய் போல நீண்டு தொங்குவதைக் காய் என்று எண்ணிவிட வேண்டாம். அது தாய்மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்று. சேற்றில் விழுந்தால் அங்கேயே வேர்பிடிக்கும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து சென்று வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும்.

வேர்களுக்கிடையே உளுவை மீன் ஒன்றை ஐந்து நிமிடம் தொடர்ந்து பார். செவுளறையில் தேக்கிவைத்த நீரைக் கொண்டும் ஈரத் தோல் வழியாகவும் அது மூச்சுவிடுகிறது. பக்கத் துடுப்புகளைக் கைபோல் ஊன்றி நகர்ந்து, எல்லைக்குள் இன்னொன்று வந்தால் முதுகுத் துடுப்பை விசிறியாக விரித்துக் காட்டும். அருகிலேயே, ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெருத்த ஆண் நண்டுகள் அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். அவை தோண்டும் வளைகள் வழியாகக் காற்றும் நீரும் சேற்றுக்குள் இறங்குவதால் மரங்களுக்கும் அது நன்மையே.

ஓர் எச்சரிக்கை: உதிரும் முன் இலைகள் சிவந்துபோகும் மரம் ஒன்றைக் காண்பாய். அது தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். சிதம்பரத்தின் தல மரமாக நாம் வணங்கும் மரம்தான். ஆனாலும் ஓடும் படகிலிருந்து கைநீட்டி எந்தக் கிளையையும் ஒடிக்காதே.

கோரிங்காவில் மீன்பிடிப் பூனையைப் பார்க்க இரவுப் படகு கிடைக்குமா?
— ஒரு வாசகர், நகரி

கேட்க வேண்டாம் என்றே சொல்வேன். மீன்பிடிப் பூனை இரவில் இரைதேடும் விலங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி இரவில் நுழைவது குற்றம். விளக்கடித்து அதன் வேட்டையைக் கலைப்பது அதன் ஒருவேளை உணவைப் பறிப்பதாகும். காலையில் வற்றம் இருக்கும் நாளில் சென்று, ஈரச் சேற்றில் பதிந்த அதன் கால்தடத்தைக் காட்டும்படி வழிகாட்டியைக் கேளுங்கள்.

முதலைகளைப் பார்க்க ஆசை. சுந்தரவனம், பிதர்கனிகா, பிச்சாவரம் ஆகியவற்றில் எதற்குப் போகலாம்?
— ஒரு வாசகர், சித்தூர்

முதலைக்காக என்றால் ஒடிசாவின் பிதர்கனிகாதான். உவர்நீர் முதலைகளைக் காக்கும் திட்டம் அங்கே 1975-இல் தொடங்கியது. இன்று குளிர்காலக் காலைகளில் அவை கரையில் வெயில் காய்வதைப் படகிலிருந்து பார்க்கலாம். மே முதல் ஜூலை முடிய முதலைகள் முட்டையிடும் காலம் என்பதால் பூங்காவை மூடிவிடுவார்கள். கோடை விடுமுறைக்குத் திட்டமிட்டு ஏமாறாதீர்கள். சுந்தரவனத்தில் வனத்துறை அனுமதி பெற்ற வழிகாட்டி படகில் இருந்தாக வேண்டும். காவற்கோபுரங்கள் போன்ற குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்க முடியாது. புலி தென்படுவது அரிது. பிச்சாவரத்தில் முதலையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அங்கே துடுப்புப் படகு கிடைக்கிறது. இயந்திர ஓசையே இல்லாமல் சுரபுன்னை வளைவுகளுக்குள் போவதற்கு அதற்கு நிகர் நம் பக்கத்தில் வேறில்லை.

பழவேற்காட்டு ஏரியில் வலைபோட்டுப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. தீவைச் சுற்றிச் சுற்றுலாப் படகு விட வெளியாட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வலை அறுந்தால் யார் பொறுப்பு? எங்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?
— ஒரு மீனவர், இருக்கம் தீவு

உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. விசைப்படகு எழுப்பும் அலை குறுகிய ஓடைகளின் கரையைச் சிறிது சிறிதாகச் சரித்துவிடும். கரை சரிந்தால் நண்டு வளைகளும், இளங்கன்றுகள் ஊன்றிய சேறும் போய்விடும். பழவேற்காட்டு ஏரியில் அலையாத்தி மரங்கள் திட்டுத்திட்டாகவே எஞ்சியுள்ளன. முகத்துவாரம் மணல் மூடி, ஏரியும் ஆழம் குறைந்துவரும் நிலையில் அந்தச் சிறு திட்டுகளை இழக்க இயலாது. இறாலும் மடவையும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவது அந்த வேர்களுக்கிடையில்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனினும் சுற்றுலாவே வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். அதை யார் நடத்துகிறார்கள் என்பதே என் கேள்வி. உள்ளூர் மக்களைக் குழுவாக்கி, அவர்கள் வழியாகவே வனத்துறை சுற்றுலா நடத்தும் முறை ஆந்திரத்தில் ஏற்கெனவே உண்டு. பிச்சாவரத்திலும் கோரிங்காவிலும் பட்டுப்போன காட்டுப் பகுதிகளை மீட்டபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டுதான் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் மீண்டும் உள்ளே போய்வரச் செய்தன. ஏரியின் ஓடைகளை, மணல்மேடுகளை, பறவை இறங்கும் இடங்களைப் பிறந்தது முதல் அறிந்த உங்களைவிடச் சிறந்த வழிகாட்டியை எந்த நிறுவனமும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது.

இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிட வேண்டும் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு வழக்கம் பழவேற்காட்டு மீனவர்களிடம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. படகோட்டும் முறையையும் அவ்வாறே பகிர்ந்துகொண்டால் ஒருவர் கையில் வருமானம் குவியாது; எந்த ஓடையில் எப்போது வலை கிடக்கும் என்பதும் ஓட்டுபவருக்கே தெரிந்திருக்கும்.

ஏரியின் ஆந்திரப் பகுதி 1976 முதல் பறவைகள் சரணாலயமாக இருப்பதால், வனத்துறையின் இசைவில்லாமல் அங்கே யாரும் படகுச் சுற்றுலா தொடங்கக் கூடாது. பேச்சு நடந்துகொண்டிருக்கும் இப்போதே ஊர்க்கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுதுங்கள். வலையிடும் ஓடைகளையும் அலையாத்தித் திட்டுகளையும் குறித்த கைவரைபடம் ஒன்றை இணையுங்கள். அந்த ஓடைகளில் விசைப்படகு நுழையக் கூடாது, துடுப்பு அல்லது கழி ஊன்றும் படகே போக வேண்டும், வலை அறுந்தால் அன்றே இழப்பீடு தரப்பட வேண்டும், படகோட்டிகளும் வழிகாட்டிகளும் தீவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்கு வர வேண்டும் என்ற நிபந்தனைகளைத் தனித்தனியே எழுதுங்கள். தமிழில் எழுதிய தீர்மானத்துடன் தெலுங்குப் படி ஒன்றையும் வைத்து, சூளூர்ப்பேட்டையிலுள்ள வனத்துறையின் வனவிலங்குப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.