சரிவான சாலையோரம் கார் நிறுத்தும்போது முன்சக்கரத்தை ஏன் திருப்பி வைக்க வேண்டும்?

பிரேக் பிடி விட்டுப்போனாலும் கார் நடுரோட்டுக்கு ஓடாமல் ஓரத்திலேயே நிற்பதற்காகத்தான். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை இறக்கத்தில் விட்டால் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்போம் இல்லையா, இங்கே நடைபாதையின் விளிம்புக் கல்தான் அந்த முட்டு.

கார் இறக்கத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்தை ஓரத்துப் பக்கம் திருப்புங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால், விளிம்புக் கல் இருக்கும் இடத்தில், சாலைப் பக்கம் திருப்பிவிட்டு மெதுவாகப் பின்னால் விடுங்கள், டயரின் பின்பக்கம் கல்லில் லேசாகத் தொட்டு நிற்கும், அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கல்லே இல்லையா? ஏற்றமோ இறக்கமோ, ஓரத்துப் பக்கம்தான்.

கியரையும் மறக்காதீர்கள்: ஏற்றத்தில் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி' (பார்க்) நிலை. சில ஊர்களில் சக்கரத்தைத் திருப்பாமல் நிறுத்தினால் அபராதமே உண்டு.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சே, போதாதா?" என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். போதாது, அதன் கேபிள் நாளடைவில் தளரும், சூடாக இருந்த பிரேக் ஆறும்போதும் பிடி குறையலாம்.