லேண்ட்சாட் படம் இறக்கினால் எல்லாம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. கியூஜிஐஎஸ்ஸில் இவற்றைச் சேர்த்துக் கலர் படமாக்குவது எப்படி?

உங்கள் ஃபைல்களில் ஒரு குறையும் இல்லை. சென்னை ஏரிகளைப் பற்றிய ப்ராஜெக்ட்டுக்காக லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படம் இறக்கியதாகவும், எந்த ஃபைலைத் திறந்தாலும் சாம்பல் நிறமாகவே இருப்பதாகவும், ஃபோட்டோஷாப்பில் ஒட்டிச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஃபோட்டோஷாப் பக்கம் போக வேண்டாம். அதில் சேமித்தால் இந்தப் படம் பூமியில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்ற தகவல் பெரும்பாலும் போய்விடும். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸிலேயே இது சில நிமிட வேலைதான். அதற்குள் நீங்கள் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். எந்த பேண்டை, அதாவது ஒரு வகை வெளிச்சத்தை மட்டும் அளந்த ஃபைலை, எந்த நிறத்துக்குக் கொடுப்பது என்பது ஒன்று, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை நிறத்தை விரிப்பது என்பது மற்றொன்று. படம் என்ன சொல்லப்போகிறது என்பது முழுக்க அந்த இரண்டையும் பொறுத்தது. அதனால் பட்டன்களைவிட அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஏன் சாம்பல் என்று பார்ப்போம். செயற்கைக்கோளில் உள்ள உணரிக்கு நிறம் தெரியாது, ஒரு வடிகட்டியைத் தாண்டி எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று மட்டும்தான் தெரியும். நீல வடிகட்டிக்குப் பின்னால் இருப்பது ஓர் எண்ணைத் தரும், சிவப்புக்குப் பின்னால் இருப்பது வேறோர் எண்ணைத் தரும். ஒவ்வொரு பேண்ட் ஃபைலும் அப்படிப்பட்ட எண்களின் அட்டவணை. 1900களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் புரோகுதின்-கோர்ஸ்கி கலர் படம் எடுத்ததும் இதே வழியில்தான். நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாக ஒரே காட்சியை மூன்று முறை கறுப்பு வெள்ளையில் எடுப்பார். பிறகு மூன்றையும் அந்தந்த நிற வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்வார். நீங்கள் இப்போது செய்யப்போவதும் அதுதான். ஒரே வித்தியாசம், அவரிடம் இருந்தவை மூன்று. உங்களிடம் கண்ணுக்கே தெரியாத பேண்டுகளும் சேர்த்து அதைவிட அதிகம் இருக்கின்றன.

லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் பேண்ட் 2 நீலம், 3 பச்சை, 4 சிவப்பு, 5 அண்மை அகச்சிவப்பு, 6, 7 இரண்டும் குறுஅலை அகச்சிவப்பு. இவை எல்லாம் 30 மீட்டர் பிக்சல். பேண்ட் 1 கடலோர நீரையும் காற்றிலுள்ள தூசியையும் பார்ப்பதற்கு. 10, 11 வெப்பத்துக்கு. நீங்கள் இறக்கும்போது லெவல்-2 என்று இருப்பதையே, அதாவது காற்று மண்டலத்தின் பாதிப்பை நீக்கித் திருத்தியதையே எடுங்கள். லெவல்-1 படத்தில் காற்று மண்டலம் சிதறடித்த நீல வெளிச்சமும் கலந்திருக்கும், என்ன செய்தாலும் ஒரு நீலப் புகை படிந்த மாதிரியே தெரியும். ஃபைல் பெயரில் 142051 என்று இருந்தால் பாதை 142, வரிசை 51, அதாவது சென்னை உள்ள சதுரம்.

இனி சேர்க்கும் வேலை. ஒன்று முதல் ஏழு வரை உள்ள பேண்ட் ஃபைல்களை கியூஜிஐஎஸ்ஸில் இழுத்துப் போடுங்கள். மேலே ராஸ்டர் மெனுவில் மிசலேனியஸ், அதற்குள் பில்ட் விர்ச்சுவல் ராஸ்டர். இன்புட் லேயர்ஸ் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ஏழையும் டிக் செய்யுங்கள். வரிசை மாறியிருந்தால் அந்தப் பட்டியலிலேயே இழுத்துச் சரி செய்யலாம். ‘ஒவ்வொரு இன்புட் ஃபைலையும் தனி பேண்டாக வை’ என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அது டிக் ஆகியிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் மென்பொருள் ஏழு படத்தையும் பக்கத்துப் பக்கத்து நிலப்பரப்புகள் என்று நினைத்து ஒரே பேண்டாக ஒட்டிவிடும், நீங்கள் மறுபடியும் சாம்பல் படத்தையே பார்ப்பீர்கள். ரன் கொடுங்கள்.

நிறத்துக்கு மூன்று போதும் என்றால் ஏன் ஏழையும் சேர்க்கச் சொல்கிறேன்? சேர்த்த ஃபைலில் பேண்டுகளுக்குப் பெரும்பாலும் வெறும் வரிசை எண்தான் இருக்கும். 2, 3, 4 மட்டும் சேர்த்தால் அவை பேண்ட் 1, 2, 3 ஆகிவிடும். அடுத்த வாரம் திறக்கும்போது ‘பேண்ட் 3’ பச்சையா சிவப்பா என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒன்றிலிருந்து வரிசையாகச் சேர்த்தால் லேண்ட்சாட் எண்ணும் கியூஜிஐஎஸ் காட்டும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இன்னொன்று, விர்ச்சுவல் ராஸ்டர் என்பது மூல ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று எழுதி வைத்த ஒரு சிறிய குறிப்பு மட்டும்தான், படம் அதற்குள் இல்லை. மூல ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் திறக்காது. நண்பருக்கு அனுப்புவதானால் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்போது லேயரை இரட்டைக் கிளிக் செய்து சிம்பாலஜிக்குப் போங்கள். மல்டிபேண்ட் கலர் என்று இருக்கும். ரெட் பேண்டுக்கு 4, கிரீனுக்கு 3, புளூவுக்கு 2 கொடுத்தால் நம் கண் பார்ப்பது போன்ற இயற்கை நிறம் கிடைக்கும். படத்தைச் சுற்றிக் கறுப்பு மூலைகள் தெரிந்தால் டிரான்ஸ்பரன்சி பக்கத்தில் கூடுதல் ‘நோ டேட்டா’ மதிப்பாக 0 கொடுங்கள்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏரியைப் பற்றிய வேலைக்கு இந்த இயற்கை நிறம் பெரிதாக உதவாது. கலங்கிய ஏரி மண்ணைப் போலத் தெரியும், பாசி பிடித்த ஏரி வயலைப் போலத் தெரியும். ஒருமுறை ரெட் 5, கிரீன் 4, புளூ 3 கொடுத்துப் பாருங்கள். தெளிந்த நீர் அண்மை அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிவிடும், அதனால் ஏரி கருப்பாகிவிடும். இலைகள் நேர் எதிர். பச்சையம் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கினாலும் இலையின் உள்ளமைப்பு அண்மை அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அனுப்புகிறது. எனவே செடி கொடி எல்லாம் ரத்தச் சிவப்பாக எழும். கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய ராஜ்பவன், ஐஐடி வளாகங்களும் நீலச் சாம்பலாகக் கிடக்கும் நகரத்தின் நடுவே ஒரே சிவப்புத் திட்டாக நிற்பதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். இதற்கும் மேலாக உங்களுக்குத் தேவையான ஒன்று இதில் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி கருப்பாக இருக்காது. கரைக்கோட்டுக்கு உள்ளேயே சிவப்பாக இருக்கும். கருப்பும் சிவப்பும் சந்திக்கும் அந்த விளிம்புதான் திறந்த நீர் முடிந்து ஆகாயத்தாமரை தொடங்கும் இடம். இயற்கை நிறத்தில் இதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

தாவரத்தைச் சிவப்பாகக் காட்டும் பழக்கம் அகச்சிவப்பு ஃபிலிமிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பச்சைச் சாயம் பூசி மறைத்த தளவாடங்களையும் உண்மையான இலைகளையும் பிரித்தறிய அந்த ஃபிலிம் பயன்பட்டது. சாயம் கண்ணை ஏமாற்றும், ஆனால் இலை அளவுக்கு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பாது.

ரெட், கிரீன், புளூ வரிசையில் 6, 5, 4 என்ற சேர்க்கையையும் முயன்று பாருங்கள். குறுஅலை அகச்சிவப்பு ஈரத்துக்குக் கூர்மையாக எதிர்வினை காட்டும். ஈர மண் இருளும், காய்ந்த மண் வெளுக்கும், செடிகள் பச்சையாகவே தெரியும் என்பதால் விளக்கம் சொல்லாமலே மற்றவர்களுக்கும் புரியும். காவிரி டெல்டாவில் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலையும் தரிசையும் பிரிக்க எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது.

எண்களில் ஒரு குழி இருக்கிறது, மாணவர்கள் அடிக்கடி விழுவது. பழைய பாடப்புத்தகங்களில் ‘4-3-2’ என்று இருந்தால் அது லேண்ட்சாட் 5 அல்லது 7-ஐப் பற்றியது. அவற்றில் நீலம் பேண்ட் 1, அண்மை அகச்சிவப்பு பேண்ட் 4. எனவே அந்த 4-3-2 தாவரத்தைச் சிவப்பாகக் காட்டும். அதே 4-3-2 லேண்ட்சாட் 8-இல் இயற்கை நிறம். 1990களின் படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிடும்போது எண்ணை மறந்துவிட்டு, ‘அண்மை அகச்சிவப்பு, சிவப்பு, பச்சை’ என்று பெயரால் யோசியுங்கள்.

நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள் படங்களைத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் (என்ஆர்எஸ்சி) பூநிதி தளத்திலிருந்து இறக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. லிஸ்-3 உணரியில் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, குறுஅலை அகச்சிவப்பு என நான்குதான் உண்டு, பேண்ட் 2 முதல் 5 வரை. நீலமே கிடையாது. தேடிக் களைத்துப் போகாதீர்கள். 1972-இல் ஏவிய முதல் லேண்ட்சாட்டின் பன்பேண்ட் உணரியிலும் நீலம் இல்லை. காற்றில் அதிகம் சிதறுவதும் நீலம்தான். இவற்றிலிருந்து இயற்கை நிறம் போலக் காட்ட ஒரு வழி இருக்கிறது. சிவப்புக்குச் சிவப்பு பேண்ட், நீலத்துக்குப் பச்சை பேண்ட், பச்சைக்கு முக்கால் பங்கு பச்சை பேண்டும் கால் பங்கு அண்மை அகச்சிவப்பும் கலந்த ஒரு புதிய பேண்ட். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அது கணக்குப் போட்டு வரவழைத்த நிறம், படத்தின் கீழே அப்படியே எழுதிவிடுங்கள்.

இனி இரண்டாவது முடிவு. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பேண்டுகளைத் தேர்ந்தவுடன் கியூஜிஐஎஸ் வழக்கமாக 2 முதல் 98 சதவீதம் வரை என்ற கணக்கில் ஒவ்வொரு பேண்டுக்கும் தானாகவே கீழ் எல்லை, மேல் எல்லை போட்டுவிடும். ஒரே படத்தைப் பார்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால்? ஒரு படத்தில் வானம் தெளிவாக இருக்கிறது, இன்னொன்றில் கொஞ்சம் மேகம் இருக்கிறது என்று வையுங்கள். மேகம் மிகப் பிரகாசமானது. அதற்கு இடம் கொடுக்க மேல் எல்லை உயரும், மீதி நிலம் முழுவதும் மங்கும். நிலத்தில் ஒரு மரம்கூட வெட்டப்படாமலே ‘பசுமை குறைந்துவிட்டது’ என்று படம் காட்டும். இப்படிப்பட்ட இரட்டைப் படங்கள் சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றுகின்றன. அவற்றை வைத்து ஊர்ச் சண்டையே நடக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பு மாதிரி உண்மையிலேயே பேச வேண்டிய விஷயங்களில் இப்படி ஒரு தவறான படம் வந்தால், எதிர்த் தரப்பு அதைக் காட்டியே உண்மையையும் தள்ளிவிடும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். மின், மேக்ஸ் பெட்டிகளில் நீங்களே எண்ணைத் தட்டி, இரண்டு படத்துக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். லேண்ட்சாட் கலெக்ஷன்-2, லெவல்-2 ஃபைலில் உள்ள எண்ணை 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழித்தால் தரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது என்ற விகிதம் கிடைக்கும். அதைத் திருப்பிக் கணக்கிட்டால், விகிதம் 0 என்பது சுமார் 7273, 0.3 என்பது சுமார் 18182. கண்ணுக்குத் தெரியும் மூன்று பேண்டுக்கும் இந்த இரண்டு எண்களும் போதுமானவை. அண்மை அகச்சிவப்புக்கு மேல் எல்லையை 23600 அளவுக்கு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் அடர்ந்த மரங்கள் எல்லாம் ஒரே சிவப்பாகத் தட்டையாகிவிடும். அமைத்த ஸ்டைலை ஒரு லேயரிலிருந்து நகலெடுத்து அடுத்த லேயரில் ஒட்டவும் முடியும். மாதமும் ஒன்றாக இருக்கட்டும். ஜூனையும் டிசம்பரையும் ஒப்பிட்டால் பருவமழையைத்தான் அளப்பீர்கள். 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்ததைக் காட்ட வேண்டுமானால், பக்கத்தில் வைக்க வேண்டியது வேறோர் ஆண்டின் ஜூன்.

நீர்ப்பரப்பு எத்தனை ஹெக்டேர் என்று கேட்டால் கலர் படத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். 1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் சொன்ன நீர்க் குறியீட்டைப் போடுங்கள். பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். அதற்கு முன் மேலே சொன்ன பெருக்கலையும் கழித்தலையும் ராஸ்டர் கால்குலேட்டரில் செய்தே ஆக வேண்டும். அந்த 0.2 கழியாமல் விகிதம் எடுத்தால் விடை தவறு. ஆகாயத்தாமரை மூடிய பகுதியை இந்தக் குறியீடு நீர் என்று எண்ணாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் 5-4-3 படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்திருக்க வேண்டும்.

30 மீட்டர் பிக்சலில் சின்னக் குளங்கள் காணாமல் போகிறதென்றால் ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தை எடுங்கள். நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என 2, 3, 4, 8 நான்கும் 10 மீட்டர். குறுஅலை பேண்டுகள் 20 மீட்டர், இரண்டையும் சேர்க்கும்போது ரெசல்யூஷன் பெட்டியில் ‘ஹையஸ்ட்’ தேர்ந்தெடுங்கள். அதில் 2022 ஜனவரி 25-க்குப் பிந்தைய படங்களின் எண்களில் 1000 கூடுதலாக இருக்கும். பழைய முறையில் செயலாக்கிய படத்தோடு ஒப்பிட்டால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சேமிப்பது. லேயரை எக்ஸ்போர்ட் செய்யும்போது ‘ரா டேட்டா’, ‘ரெண்டர்டு இமேஜ்’ என இரண்டு வாய்ப்பு வரும். அறிக்கையில் ஒட்டுவதற்கு இரண்டாவது. கணக்குப் போடுவதற்கு எப்போதும் முதலாவது, ஏனென்றால் ரெண்டர்டு இமேஜில் மூல எண்கள் போய்விடும், நீங்கள் திரையில் அமைத்த நிறம் மட்டும்தான் மிஞ்சும். படத்தின் கீழே உணரி, தேதி, எந்த பேண்ட் எந்த நிறத்துக்கு, மின்-மேக்ஸ் எவ்வளவு என்று ஒரு வரி எழுதி வையுங்கள், வழிகாட்டி கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.