குறுக்கெழுத்தில் இசை, நாடகக் காட்சி, அசைவு பற்றிய குறிப்புகளுக்கு விடை கண்டுபிடிப்பது எப்படி?

சங்கீத ஞானம் இருந்தால்தான் முடியும் என்று பலர் அந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு ஞானம் தேவையில்லை. புதிர் போடுகிறவர்கள் இந்தத் துறைக்கு ஓடி வருவதே, இங்குள்ள சொற்களுக்கு வெளியிலும் வேலை இருக்கிறது என்பதால்தான். நடை என்றால் கால் நடப்பது. தாளத்தில் திஸ்ர நடை, சதுஸ்ர நடை. கோயிலில் சாத்துவதும் நடை. அங்கம் உடம்பில் உண்டு, நாடகத்தில் உண்டு, லகு, திருதம் என்று தாளத்திலும் உண்டு. ‘கடலில் எழும், மேடையில் விழும்’ என்றால் திரை. களம் என்றதும் எங்கள் பக்கத்து ஆளுக்கு நெல்லடிக்கிற இடம்தான் முதலில் வரும், நாடகம் பிறகுதான். ஆகவே குறிப்பில் பாட்டு வாடை அடித்தால், அந்தச் சொல் வேறு எங்கே புழங்குகிறது என்று தேடுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ‘அரசன் தலையில் ஏறும், கொடையில் அடி வாங்கும்’ என்பதை வாசித்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சட்டென்று, “மகுடம்லா சார்வாள்! கணியான் கூத்து பாத்ததே இல்லியா?” என்றார். கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. சுடலை கோயில் கொடையில் கணியான்கள் அடிக்கிற பறைக்கும் மகுடம் என்றுதான் பெயர். வில்லுப்பாட்டுக் குடமும் இதே ரகம்.

பழந்தமிழ்ச் சுரங்கள் ஏழையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றில் கைக்கிளை ஒருதலைக் காதல், உழை மான், தாரம் மனைவி. புதிர்க்காரர் சும்மா விடுவாரா? ச, ரி, க, ம, ப, த, நி வந்தால் எழுத்தாகவே எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ‘இரண்டு சுரத்தில் ஒரு யானை’ என்றால் கரி. ‘கடைசி மூன்று சுரம் பனையிலிருந்து இறங்கும்’ என்று யாராவது போட்டால் எங்கள் ஊர்க்காரன் பேனா எடுக்கும் முன்பே பதநி என்று சொல்லிவிடுவான்.

அடுத்தது கட்டக் கணக்கு. தமிழ்க் கட்டத்தில் புள்ளி எழுத்துக்குத் தனிக் கட்டம். காட்சிக்கு மூன்று, காம்போதிக்கு நான்கு. நாகசுரத்துக்கு ஐந்து, அதையே நாதஸ்வரம் என்றால் ஆறு. காருகுறிச்சி அருணாசலம் வாசித்த வாத்தியம் எது என்று கேட்டால் விடை எல்லாருக்கும் தெரியும். எழுதும் முன் கட்டத்தை எண்ணுங்கள். மற்ற இடங்களில் கைகொடுக்கும் இலக்கணம் இந்தத் துறையில் காலை வாரும். தமிழ்ச் சொல்லில் க், ச், த், ப் இவற்றின் பின் அதே எழுத்தின் வரிசைதான் வரும், புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது. ஆனால் ஹம்சத்வனியில் த் பின்னால் வ நிற்கிறது, ஸ்வரம் புள்ளியிலேயே தொடங்குகிறது. ராகப் பெயரோ இசைச் சொல்லோ என்று தெரிந்துவிட்டால் அந்த விதிகளை நம்பி ஒரு விடையைத் தள்ளிவிடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் ம் கிடைத்ததற்கும் துள்ள வேண்டாம். மோகனம், ரூபகம், தாண்டவம் என்று பாதிச் சொற்கள் அதில்தான் முடிகின்றன.

நடனத்துக்கு அடவு (அடிப்படை அசைவு), ஜதி (தாளச் சொற்கட்டு), தாண்டவம் போதும். அத்தோடு நடராசரின் ஐந்து சபைகள்: சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லையப்பர் கோயில் தாமிரம், குற்றாலம் சித்திரம், திருவாலங்காடு இரத்தினம்.